நின்றுபோன கல்யாணத்தின் பத்திரிகை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொண்டு, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது போன வருடம் வைகாசியில் திருவனந்தபுரத்தில் நடந்தது. தம்பானூரில் ஒரு ஹோட்டலில் நான் தோசை மாஸ்டர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பிழைப்புக்காக இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் நான், மனைவி, மகள் மூன்று பேரும் குடியிருந்தோம்.

எனக்குக் கூச்சம் அதிகம். அதற்குத் தோசைக்கல் வசதியான இடம். முகம் கல்லைப் பார்த்து இருக்கும், ஆட்களுக்கு என் முதுகுதான் தெரியும். சப்ளையர் “ரெண்டு மசால், ஒரு நெய்” என்று கத்துவான். பதில் சொல்ல வேண்டியதில்லை, தோசை போனால் போதும்.

மகளுக்கு ஊர்ப்பக்கத்திலேயே நல்ல இடம் அமைந்தது. கல்யாணம் இங்கே ஒரு சின்ன மண்டபத்தில் என்று முடிவானது. நகையில் குறைக்க முடியாது, சாப்பாட்டில் குறைத்தால் பேச்சு வரும். குறைக்க முடிந்தது பத்திரிகை ஒன்றுதான். மகளே போனில் அழகாக ஒரு பத்திரிகை செய்தாள். பைசா செலவில்லை, வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிடலாம். எனக்கு இரண்டு மடங்கு சந்தோஷம். காசும் மிச்சம், வீடு வீடாகப் போய் நின்று பேச வேண்டிய வேலையும் மிச்சம்.

மனைவி போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல மஞ்சள் எங்க தடவுவிய?” என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கையில் கொடுத்துக் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடாத கல்யாணத்துக்குச் சொந்தத் தம்பிகூட வரமாட்டான். அதனால் அச்சடித்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று.

பழவங்காடியில் ஒரு கார்டுக் கடைக்குப் போனேன். ஆக மெல்லிசான கார்டின் விலையே கைக்கு மீறி இருந்தது. நான் அதையே எடுப்பதும் வைப்பதுமாக நின்றதைப் பார்த்த கடைக்காரர், உள்ளே போய் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இது மிச்சம் வந்தது சேட்டா. வெளியே உள்ள கவர் ரெடி. உள்ள வைக்கிற பேப்பர் மட்டும் உங்க பேரு போட்டு அடிச்சாப் போதும். பாதிக் காசு” என்றார்.

நான் அப்படி ஒரு கார்டைக் கையில் தொட்டதே இல்லை. குங்குமக் கலரில் தடித்த காகிதம். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டிய வாசல். வாசலுக்கு மேல் இரண்டு கிளிகள். ஒரு கிளி உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும், இன்னொன்று கழுத்தைத் திருப்பி வெளியே பார்க்கும். யார் பெயரும் கவரில் இல்லை. மிச்சம் என்றால் எங்கே மிச்சம், எப்படி மிச்சம் என்று நான் கேட்கவில்லை. கூச்சம் என்று சொல்லலாம். பாதி விலை என்றதும் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

உள்தாள் அச்சாகி வந்ததும் கட்டோடு நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய், முதல் பத்திரிகையை அவர் காலடியில் வைத்து, ஒரு தேங்காய் விடலை போட்டேன். நன்றாகச் சிதறியது. வீட்டில் மனைவி கார்டைப் பார்த்துவிட்டு, “கடன் கிடன் வாங்கினியளா?” என்று மிரண்டாள். விலையைச் சொன்னதும்தான் முகம் மலர்ந்தது. என் புருஷனுக்கும் சாமர்த்தியம் உண்டு என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வாரமே அவள் தம்பி வந்து, மாப்பிள்ளை வீட்டுக்கும் ஊர்ச் சொந்தங்களுக்கும் உள்ளதை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இங்கே உள்ளவர்களை நான்தான் கூப்பிட வேண்டும். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாததால், மனைவி ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தாள். “மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நீங்க குடும்பத்தோட வந்து, நின்னு நடத்தித் தரணும்.” இதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். கல்லில் மாவை ஊற்றும்போதும் உதடு அசைந்திருக்கிறது. இங்கே கூப்பிடுவதை விளிப்பது என்பார்கள். சப்ளையர் பார்த்துவிட்டு, “மாஸ்டரே, தோசையையும் கல்யாணத்துக்கு விளிக்கிறீங்களா?” என்று கேட்டான். ஹோட்டலே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் விரித்து மனைவியும் மகளும் மீதிப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டு அம்மா வந்தாள். அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“இந்தக் கிளிய எனக்குத் தெரியுமே” என்றாள்.

“தெரியுமா? உங்ககிட்ட பேசுச்சா அத்தை?” என்று மகள் கேலி செய்தாள்.

“சும்மா இரு பிள்ளே. இது பூஜப்புரை சார் வீட்டுக் கார்டாக்கும். நான் அங்க வேலைக்கு நின்னேம்லா. அவிய மக கையால வரைஞ்ச கிளி. எனக்கும் ஒண்ணு தந்தாவ.” பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தக் கல்யாணந்தான் நின்னு போச்சே, அண்ணே” என்றாள்.

மனைவியின் மஞ்சள் விரல் அப்படியே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டாள்.

“எனக்கு நெசம் தெரியாது. அந்நேரம் எங்கம்மைக்கு முடியலைன்னு ஊருக்குப் போயிட்டேன். பொறவு அந்த வீட்டுக்கு வேலைக்கே போகல. மாப்பிள்ளப் பையன் பைக்குல அடிபட்டுச் செத்துட்டான்னு ஒருத்தி சொன்னா. அதெல்லாம் இல்ல, பேச்சுல தட்டிப் போச்சுன்னு இன்னொருத்தி சொன்னா.”

அவள் போனதும் மனைவி பத்திரிகைகளைப் பாயோடு ஓரமாகத் தள்ளினாள். அவள் கணக்கு தெளிவாக இருந்தது. பேச்சில் தட்டிப்போன கல்யாணம் என்றால் பரவாயில்லை, அது ஊரில் நடப்பதுதான். சாவு விழுந்த வீட்டுப் பத்திரிகை என்றால் தன் மகளுக்கு அது வேண்டாம். கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கி, வட்டிக்குப் பணம் எடுத்தாவது புதிதாக அடிக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறவர். “அவிய காதுல வேற யாராவது போட்டா, இந்தக் கல்யாணம் மணவறை வரைக்கும் வராது. பாத்துக்கிடுங்க” என்றாள்.

“பிள்ளையார் காலடியில வச்சாச்சே” என்றேன்.

“பிள்ளையாருக்கு என்ன தெரியும்? அவரே கல்யாணம் ஆகாதவரு.”

மகள் மஞ்சள் கிண்ணத்தை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். மனைவி கத்தியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் கார்டுக் கடைக்குப் போனேன். “ஆர்டர் வேண்டாம்னு கொண்டு வந்தாங்க. காரணம் நான் எதுக்குக் கேக்கணும்?” என்று கடைக்காரர் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, நானும்தான் கேட்கவில்லை. இனி அந்த வீட்டுக்கே போய்க் கேட்டால்தான் உண்டு. அடுத்த வீட்டு அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டோம். “சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டவ நான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?” என்று வழி மட்டும் சொன்னாள். ரேஷன் கடையைத் தாண்டி இடது பக்கம், பச்சை கேட்.

மத்தியானம் ஹோட்டலில் இரண்டு மணி நேரம் எனக்கு ஓய்வு. ஒரு பத்திரிகையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பூஜப்புரைக்குப் பஸ் ஏறினேன். இதே கார்டுதானா என்று காட்டிக் கேட்கலாம் என்று எண்ணம். வழியெல்லாம் அந்தக் கேள்வியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் வீட்டுக் கல்யாணம் ஏன் நின்றது? மாப்பிள்ளை இருக்கிறாரா, இல்லையா? எப்படித் திருப்பிப் போட்டாலும் கருகின தோசையாகவே இருந்தது. ஒரு வீட்டின் வாசலில் நின்று கேட்கிற கேள்வியா இது?

பச்சை கேட் திறந்தே இருந்தது. வேட்டி கட்டிய ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

“ஆரா? என்ன வேணும்?” என்று தமிழிலேயே கேட்டார். தமிழ்க்காரன் என்று என் முகத்தில் எழுதியிருந்தது போல.

பையில் கையை விட்டுப் பத்திரிகையை வெளியே எடுத்தேன். கையில் பத்திரிகையோடு ஒருவர் வாசலில் நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம்தான் எனக்குத் தெரியும். பத்து நாளாகப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நீங்க குடும்பத்தோட வந்து, நின்னு நடத்தித் தரணும்.”

இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். கவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. மகள் கல்யாணம் நின்றுபோன ஒரு மனிதர் கையில், அதே கல்யாணத்தின் கவரை வைத்து, என் வீட்டுக் கல்யாணத்துக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறேன். முன்பின் தெரியாதவன் வேறு.

“மோளே, இங்க ஒண்ணு வா” என்று அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். குரலில் கோபமா என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு பெண் வந்தாள். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள் போல, காதில் மாட்டுகிறது கழுத்தில் கிடந்தது. பத்திரிகையைப் பார்த்ததும், “அச்சா! என்ட கிளி!” என்றாள். உள்தாளை எடுத்துப் பார்த்தாள். மூலையில் இருந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது எங்க வீட்டுக் கார்டுன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா, அங்கிள்?” நல்ல தமிழில் கேட்டாள். தலையாட்டினேன்.

“அந்தக் கல்யாணத்துக்கு என்ன ஆச்சுன்னு கேக்க வந்தீங்க. இல்லே?”

அதற்கும் தலையாட்டினேன்.

“கேக்க வந்துட்டு, விளிச்சிட்டீங்க!”

அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. என்னைத் திண்டாட விடாமல் அவளே சொன்னாள்.

“யாரும் சாகலை அங்கிள். ஆளு சுகமா இருக்கான். பாதிக் கார்டு கொடுத்து முடிச்ச பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் ஜோலிக்குப் போகக்கூடாதுன்னு அவங்க வீட்டில சொன்னாங்க. அப்படின்னா வேண்டாம்னு நான் சொன்னேன். அவ்வளவுதான்.”

என்னை உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அந்தக் கிளிகளை அவள் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தாளாம். கல்யாணம் நின்றதும் மீதிக் கார்டையெல்லாம் கொளுத்திவிடச் சொன்னாளாம். “எனக்குக் கை வரல்ல. கடையில கொண்டு போய்ச் சும்மா கொடுத்துட்டு வந்தேன். இல்லாதப்பட்ட வீட்டுக்கு உதவட்டும்னு” என்றார் அவர். நான் டீயைக் குடித்தேன். பாதி விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

புறப்படும்போது அவர் கேட் வரைக்கும் வந்தார். பத்திரிகை அவர் கையிலேயே இருந்தது.

“மோளுடைய கல்யாணம் நின்ன பிறகு எங்களை யாரும் ஒரு கல்யாணத்துக்கும் விளிக்கல்ல” என்றார். “சொந்தக்காரங்க வீட்டில நடந்ததே பிறகுதான் தெரிஞ்சது. விளிச்சா எங்களுக்கு மனசு சங்கடமாகும்னு நினைச்சாங்களோ, இல்ல...” கையிலிருந்த கார்டைப் பார்த்தார். “இந்தக் கேட் கடந்து ஒரு கார்டு வர்றது, அதுக்குப் பிறகு இதாக்கும் முதல்” என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். “தெரியாம வாயில வந்ததுதானே? நாங்க வரணும்னு இல்லை. சங்கடப்பட வேண்டா.”

உண்மைதான். வாசலில் நின்றபோது அது தெரியாமல் வாயில் வந்ததுதான். அதனால் இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை வாய் தானாகச் சொல்லவில்லை.

“குடும்பத்தோட வந்து, நின்னு நடத்தித் தரணும் சார்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையன் உயிரோடு இருக்கிறான் என்றதுமே அவளுக்கு மூச்சு வந்துவிட்டது. “அப்ப அந்தப் பிள்ள தப்பிச்சுட்டு. தப்பிச்ச பிள்ள வரைஞ்ச கிளி, நல்ல சகுனந்தான்” என்று தீர்ப்புச் சொன்னாள். அவர்களையும் கூப்பிட்டுவிட்டேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள். “கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினா கூப்பிட்டுட்டா வந்திருக்கிய? உங்கள என்ன செய்ய!”

யாரும் அவர்களை ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடுவதில்லை என்று அந்தப் பெரியவர் சொன்னதையும் சொன்னேன். மகள் மஞ்சள் கிண்ணத்தைத் திரும்ப வெளியே எடுத்து வந்தாள். மறுநாள் வேலைக்குப் புறப்படும்போது பார்த்தால், மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு, தட்டில் பூவும் குங்குமமும் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“எங்க?”

“பூஜப்புரைக்கு. பொம்பளப் பிள்ளைய ஆம்பள கூப்பிட்டா போதுமா? நான் போயில்லா கூப்பிடணும்.”

சொல்லாமல் வேலையை விட்ட அடுத்த வீட்டு அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கல்யாணத்துக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். பின்னால் ஓரமாக உட்கார்ந்தவர்களை மனைவி விடவில்லை, முன்வரிசைக்குக் கூட்டிவந்தாள். தாலி கட்டி முடிந்து எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, “பத்திரிகை யாரு எடுத்தா? எங்க ஊர்ல எல்லாரும் கேட்டாவ” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவி அசரவில்லை. அந்தப் பெண்ணைத் தோளோடு அணைத்து முன்னால் கொண்டுவந்து, “இந்தப் பிள்ளதான் வரைஞ்சது. எங்களுக்கு வேண்டப்பட்ட பிள்ள” என்றாள்.

“ஒரு கிளி மட்டும் ஏம்மா திரும்பிப் பாக்குது?” என்று அந்த அம்மா கேட்டார்.

“விளிச்சவங்க எல்லாரும் வந்தாச்சான்னு பாக்குது ஆன்ட்டி” என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் அப்பா மட்டும் அண்ணாந்து மண்டபத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கவர் எங்கிருந்து வந்தது என்று சம்பந்தி அம்மாவுக்கு இதுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். பரவாயில்லை, இப்போது பேத்தி பிறந்துவிட்டாள், கோபித்துக்கொண்டாலும் பேத்தியைப் பார்க்க வந்துதான் ஆக வேண்டும்.

பத்திரிகையில் எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்பது இப்போது எனக்கே மறந்துவிட்டது. ஆனால் ஹோட்டலில் யாராவது, இன்னாரைக் கூப்பிடலாமா, பாவம், அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று பேசிக்கொண்டால், கல்லிலிருந்து முகத்தைத் திருப்பி, கூப்பிடுங்கள் என்று சொல்கிறேன். சங்கடப்படுவாரோ என்று நாமாக நினைத்து ஒருவரை விட்டுவிடுவதைவிட, என்னைப் போலத் தப்பாகவாவது கூப்பிட்டுவிடுவது மேல்.

இன்று இங்கே ஹர்த்தால், ஹோட்டல் அடைப்பு. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. ஆவணி மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.